வாட் நம்பரை விடுங்க, ஹோஸைப் பாருங்க: மரவேலை கேள்வி-பதில்

கேள்வி: சார் வணக்கம், வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு ஷெட் போட்டு மரவேலை பண்றேன். தேய்க்கற ஆர்பிட்டல் சாண்டர், அறுக்கற சர்குலர் சா, ஓரமும் பள்ளமும் செதுக்கற ரவுட்டர் இருக்கு, அடுத்து பலகையை ஒரே கனத்துக்குச் சீவற திக்னெஸ் பிளேனர் ஒண்ணு வாங்கற ஐடியா. எல்லாத்துக்கும் சேத்து, தூசியை இழுக்கற டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர் ஒண்ணே போதுமா? ஒண்ணு 1200 வாட், இன்னொண்ணு 1400 வாட், பெருசையே எடுத்துடவா?

பதில்: வாட்டை முதல்ல மறந்துடுங்க தம்பி. மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னுதான் அது சொல்லும், தூசியை எவ்வளவு இழுக்கும்னு சொல்லாது. பாக்க வேண்டியது ரெண்டு நம்பர். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காத்து ஓடுதுங்கறது ஒண்ணு, எத்தனை கிலோபாஸ்கல் இழுவிசைங்கறது இன்னொண்ணு. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, பெட்டி மேல போட்டிருக்கற காத்தோட்டம் எந்தத் தடையும் இல்லாம எடுத்தது, இழுவிசை வாயை முழுசா அடைச்சு வெச்சு எடுத்தது, நீங்க ஹோஸை மாட்டி சாண்டர்ல சொருகினதும் ரெண்டுமே அந்த அளவுக்குக் கிடைக்காது.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். ஒரே மெஷின் போதாது. கையில பிடிச்சு வேலை பாக்கற டூலுக்கெல்லாம் தூசி வர்ற வாய் ரொம்ப சின்னது, அந்தச் சின்ன ஓட்டை வழியா இழுக்கணும்னா இழுவிசை நல்லா இருக்கணும், 20 கிலோபாஸ்கலுக்கு மேல வர்ற வேக்குவம் டைப் எக்ஸ்ட்ராக்டர்தான் அதுக்கு சரி. பிளேனர் கதையே வேற. அது கொட்டறது தூசி இல்ல, சீவல், அதுவும் குப்பை குப்பையா. 36 எம்எம் ஹோஸ்ல அதை விட்டீங்கன்னா கொஞ்ச நேரத்துல முழங்கை மாதிரி வளையற இடத்துல சிக்கி அடைச்சுக்கும், பையும் மளமளன்னு நெறஞ்சுடும். அதுக்கு 100 எம்எம் குழாய் வெச்ச, இழுவிசை கம்மியா இருந்தாலும் காத்து ஏராளமா ஓடற சிப் கலெக்டர் தனியா வேணும். அந்த கலெக்டரைக் கொண்டுபோய் சாண்டர்ல மாட்டறவங்களும் இருக்காங்க, ஒரு பிரயோஜனமும் இல்ல, சின்ன வாய்ல அது மூச்சு முட்டி நிக்கும். கலெக்டர் வாங்கும்போது மேல தொங்கற துணிப் பையைக் கொஞ்சம் கவனிங்க, மலிவான பை சீவலைப் பிடிச்சுட்டு நைஸ் தூசியை அப்படியே ஷெட்டுக்குள்ள ஊதிடும், மடிப்பு மடிப்பா இருக்கற கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் வெச்சதா கிடைச்சா அதை எடுங்க.

ஆக இப்போதைக்கு அந்த மூணு டூலுக்கும் நல்ல எக்ஸ்ட்ராக்டர் ஒண்ணு வாங்குங்க, பிளேனர் வரும்போது கலெக்டரை யோசிக்கலாம். எக்ஸ்ட்ராக்டர்லயே டூலுக்கு ஒரு சாக்கெட் இருக்கணும், டூலை ஆன் பண்ணா எக்ஸ்ட்ராக்டரும் தானா ஓடி, நிறுத்தினப்புறம் சில செகண்ட் கூட ஓடி ஹோஸ்ல மிச்சம் இருக்கறதை இழுத்துட்டு நிக்கணும். இது சொகுசு இல்ல. ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு சுவிட்ச் போடணும்னா பத்து நாள்ல யாரும் எக்ஸ்ட்ராக்டரைத் தொடவே மாட்டாங்க. அந்த சாக்கெட் எத்தனை வாட் வரைக்கும் தாங்கும்னு பாத்துக்கோங்க, பெரிய சா மாட்டினா டிரிப் ஆகும்.

ஹோஸ்: சாண்டருக்கு 27 எம்எம், வளைக்க ஈஸி. சாவுக்கும் ரவுட்டருக்கும் 36. நிலைமின்சாரம் சேராத ஆன்டிஸ்டாட்டிக் ஹோஸா எடுங்க, இல்லன்னா நீளமா சாண்டிங் பண்ணும்போது கையில சுரீர் சுரீர்னு அடிக்கும். தேவைக்கு மேல நீளம் வேண்டாம், நீளம் கூடக்கூட காத்து குறையும். டூலோட வாய் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கடைக்குப் போறதுக்கு முன்னாடி வெர்னியர் வெச்சு உள்விட்டம் வெளிவிட்டம் ரெண்டையும் குறிச்சுக்கோங்க. சரியா பொருந்தற அடாப்டர் இல்லாம டேப் சுத்தி ஓட்டினா பாதி காத்து இடுக்கு வழியாத்தான் போகும்.

கேள்வி: எக்ஸ்ட்ராக்டர் மேல எல் கிளாஸ், எம் கிளாஸ், ஹெச் கிளாஸ்னு போட்டிருக்காங்களே, அதெல்லாம் விலையை ஏத்தறதுக்கா?

பதில்: அப்படி இல்லைங்க. ஐரோப்பியத் தரப்படி எல் கிளாஸ்ல 1 சதவீதம் வரைக்கும் தூசி ஃபில்டரைத் தாண்டலாம், எம்ல 0.1, ஹெச்ல 0.005. மரத்தூசிக்கு எம் கிளாஸ் பாத்து எடுங்க. கண்ணுக்குத் தெரியற தூள் கீழ விழுந்துடும், பெருக்கித் தள்ளிடலாம், தொந்தரவு கண்ணுக்குத் தெரியாததுலதான். 10 மைக்ரானுக்குக் கீழ இருக்கறது மணிக்கணக்கா காத்துலயே மிதந்து நேரா நுரையீரலுக்குப் போகும். மரத்தூசியால மூக்குலயும் சைனஸ்லயும் கேன்சர் வரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே முதல் வகைப் பட்டியல்ல சேத்துடுச்சு, நம்ம ஆளுங்க இன்னும் கர்சீப்பைக் கட்டிக்கிட்டு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) அறுக்கறாங்க.

எம் கிளாஸ்ல இன்னொரு விஷயம், ஹோஸ்ல காத்து வேகம் செகண்டுக்கு 20 மீட்டருக்குக் கீழ போனா பீப் அடிக்கும். 27 எம்எம் ஹோஸ்னா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 690 லிட்டர்னு கணக்கு. மெஷின் மேல ஹோஸ் சைஸுக்குன்னு ஒரு டயல் இருக்கும், மாட்டியிருக்கற ஹோஸுக்கு ஏத்த மாதிரி அதைத் திருப்பி வைக்காம "சும்மா சும்மா கத்துது"ன்னு மெஷினைத் திட்டறவங்க நிறைய. டயல் சரியா இருந்தும் கத்துதுன்னா பை நெறஞ்சிருக்கும், இல்ல ஃபில்டர் அடைச்சிருக்கும். பேப்பர் பை மாதிரி, துணி போல இருக்கற ஃப்ளீஸ் பை சீக்கிரம் கிழியாது, நெறஞ்சுக்கிட்டு வந்தாலும் இழுவை அவ்வளவா குறையாது. பையே போடாம ஓட்டி மிச்சம் பிடிக்காதீங்க, எல்லாம் ஃபில்டர் தலையிலதான் விடியும்.

எம் கிளாஸ் இருந்தாலும் எம்டிஎஃப் அறுக்கும்போது மாஸ்க் போடுங்க, சா பிளேடு மேல் பக்கமா வீசறதை எந்த எக்ஸ்ட்ராக்டரும் முழுசா பிடிக்காது.

கேள்வி: எக்ஸ்ட்ராக்டர் மாட்டினதுல இருந்து சாண்டர் பலகையோட ஒட்டிக்கிட்டு இழுக்குது, சுழி சுழியா கோடு விழுது. மெஷின் ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்ல, இழுவை ஜாஸ்தி. ரெகுலேட்டர் இருந்தா குறைங்க, சாண்டர் தன்னால வழுக்கிப் போற அளவுக்கு வெச்சா போதும். உப்புத்தாள்ல இருக்கற ஓட்டை, அதை ஒட்டற பேட் ஓட்டையோட நேரா இருக்கான்னும் பாருங்க, கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்தா தூள் வெளிய போக வழியில்லாம அடியிலயே உருண்டு அதே சுழிக்கோட்டைத்தான் போடும்.

கேள்வி: டூலுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்கும் நடுவுல, தூளைச் சுழல விட்டு பக்கெட்ல தள்ளற சைக்ளோன் வெச்சா பை செலவு மிச்சம்ங்கறாங்களே?

பதில்: மிச்சம்தான், ரவுட்டர் தூள் பெரும்பாலும் பக்கெட்லயே விழுந்துடும். கொஞ்சம் இழுவை போகும், பரவாயில்ல. பக்கெட் மட்டும் கெட்டியா இருக்கணும், மெலிசான பெயிண்ட் பக்கெட் வெச்சு ஹோஸ் அடைச்சுதுன்னா டமால்னு உள்ள வாங்கிடும்.

கேள்வி: அதே எக்ஸ்ட்ராக்டர்ல கிரைண்டர் மாட்டி இரும்பு தேய்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. உள்ள பை நிறைய காஞ்ச மரத்தூள், அதுக்குள்ள தீப்பொறி போனா உடனே ஒண்ணும் தெரியாது, உள்ளுக்குள்ளயே கனிஞ்சு நீங்க ஷெட்டைப் பூட்டிட்டுப் போனப்புறம்கூட பிடிக்கும். மரத்துல ஆணி இருக்குன்னு சந்தேகம் இருந்தாலும் அறுத்து முடிச்சதும் பையைக் கழட்டி வெளிய வெச்சுடுங்க.