ஓட்டு உண்டு, நாற்காலி இல்லை

கேள்வி: கடல்பாசி எடுக்கிற தொழில். போன முறை வார்டு மெம்பராக இருந்தேன். கூட்டத்துக்குப் போனாலே "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்பார்கள். மறுபடி நிற்கத் தயக்கம். அமெரிக்காவில் பெண் கவர்னராக நிற்கலாமா என்பதற்கே ஓட்டெடுப்பு நடந்ததாமே, நிஜமா அக்கா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: நிஜம்தான் தங்கச்சி. ஓக்லஹோமா மாநிலத்தில் பெண்களுக்கு 1918-லேயே ஓட்டு வந்துவிட்டது. ஆனால் கவர்னர் மாதிரி பெரிய பதவிகளுக்கு ஆண்தான் நிற்கலாம் என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 1942-ல் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் அது நீங்கியது. இதில் கூத்து என்னவென்றால், பெண்களுக்கு ஓட்டே இல்லாத 1907-ல் கேட் பர்னார்ட் என்ற பெண் அங்கே தர்ம நிலையங்கள், சிறைகளுக்கான ஆணையராகத் தேர்தலில் ஜெயித்தார். அந்தப் பதவிக்கு மட்டும் பெண் நிற்கலாமாம்! அயோவா என்ற இன்னொரு மாநிலத்திலும் பெண்களுக்குச் சட்டசபைக் கதவு 1926-ல் இப்படி மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் திறந்தது. ஓக்லஹோமாவின் முதல் பெண் கவர்னர் மேரி ஃபாலின் ஜெயித்ததோ 2010-ல். விதி மாறி 68 வருஷம் கழித்து.

நம் மதராஸிலும் 1921-ல் ஓட்டு கிடைத்தது, சட்டசபையில் உட்கார 1926 வரை காத்திருந்தார்கள். அப்புறம்தான் முத்துலட்சுமி ரெட்டி உள்ளே போனார்.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்தாயிற்று. தயங்காமல் நில்லு. தீர்மானப் புத்தகத்தைக் கையில் வாங்கி, வரி வரியாகப் படித்துவிட்டே கையெழுத்துப் போடு. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால், வலை இழுக்கப் போயிருக்கிறார் என்று சொல்லு.