165 பிள்ளைகளுக்கு எத்தனை லீற்றர் ஐஸ்கிறீம்?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டப் பாடசாலையில் தரம் 1 முதல் 5 வரை, வகுப்புக்கு 33 பேராக, 165 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒக்டோபர் 1, சிறுவர் தினத்தன்று பெற்றோரின் உதவியுடன் அவர்களுக்கு ஐஸ்கிறீம் கொடுக்க எண்ணியிருக்கிறோம். பெரியவர்களுடன் சேர்த்து 180 பேர். பொருட்களை எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஒருவர், ஆளுக்குக் கால் லீற்றர் வீதம் 45 லீற்றர் வேண்டும் என்றும், மேலே போட ஏழு வகையாவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். பாடசாலையில் ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி மட்டுமே இருக்கிறது. உண்மையில் எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: இருபது லீற்றர் போதும். 45 லீற்றர் என்பது பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்று 100 மில்லிலீற்றர், அதாவது 50 மில்லிலீற்றர் உருண்டையாக இரண்டு, சாப்பிட்டால் அதுவே நிறைவு. அதற்கு மேல் வைப்பது கிண்ணத்தில் உருகிச் சட்டையில்தான் வடியும். ஒரு வகுப்புக்கு 33 பிள்ளைகளும் மூன்று பெரியவர்களும் என்றால் 3.6 லீற்றர். கடையில் 4 லீற்றர் வாளி கிடைக்கிறது. கரண்டியில் ஒட்டுவது, ஓரத்தில் உருகுவது எல்லாம் மீதி 400 மில்லிலீற்றருக்குள் அடங்கிவிடும். ஆகவே வகுப்புக்கு ஒரு வாளி, மொத்தம் ஐந்து. ஒரு வாளி முடியும் வரை அடுத்ததைத் திறக்காதீர்கள். கரண்டியின் அளவில் சந்தேகம் இருந்தால், பாணி மருந்துடன் வரும் சிறிய அளவுக் குவளையால் அதில் தண்ணீர் ஊற்றி முதல் நாளே அளந்து பாருங்கள்.

தரகர்கள் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஐஸ்கிறீம் எடைக்கு அல்ல, கொள்ளளவுக்கு விற்கப்படும் பொருள். அடித்து உறைய வைக்கும்போது அதற்குள் காற்று சேர்கிறது. நன்றாகச் செய்த ஐஸ்கிறீம் ஒரு லீற்றர் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும், 4 லீற்றர் வாளி 2 கிலோவைத் தாண்டும். 'நாலு லீற்றர் என்றால் நாலு கிலோ, மிஸ்' என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைத்திருக்கிறார். வாளியைத் தராசில் வையுங்கள். ஒன்றரைக் கிலோதான் காட்டுகிறது என்றால் நீங்கள் காசு கொடுத்தது பெரும்பாலும் காற்றுக்கு. லேபலையும் வாசியுங்கள்: பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்த உறைபொருளை ஐஸ்கிறீம் விலைக்குத் தள்ளிவிடுவது பழைய வித்தை.

இதைவிடப் பெரிய பொறி, உருகி மீண்டும் உறைந்த வாளி. ஐஸ்கிறீம் கழித்தல் 18 பாகையில் இருக்க வேண்டியது. கொழும்பிலிருந்து சாதாரண வானில் ஏற்றினால் அவிசாவளை வெயிலிலேயே அது தளர்ந்துவிடும். கினிகத்தேனை ஏறி ஹட்டன் வந்ததும் யாராவது ஒரு கடைப் பிரீசரில் போட்டு மறுபடியும் கல்லாக்கித் தருவார்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் பிரீசரை அணைத்து வைக்கும் கடைகளும் உண்டு. உருகிய நேரத்தில் பெருகிய கிருமிகளை மறுபடி உறைய வைப்பது கொல்வதில்லை, தூங்க மட்டுமே வைக்கிறது. மூடியைத் திறந்தால் கண்டுகொள்ளலாம்: ஐஸ்கிறீம் வாளியின் பக்கத்தை விட்டு விலகி நடுவில் குழிந்திருக்கும், மேலே ஊசி போன்ற ஐஸ் படிகங்கள் இருக்கும், கரண்டியை இழுத்தால் மணல் போல நறநறக்கும். அப்படிப்பட்ட வாளியைத் திருப்பி அனுப்புங்கள். நான் பால் பதனிடும் நிலையம் ஒன்றில் குளிரறைப் பொறுப்பாளராக இருந்த காலத்தில், நாங்கள் நிராகரித்து அனுப்பிய வாளிகளே இரண்டு நாள் கழித்து வேறொரு விழாவுக்குப் போனதைக் கண்டிருக்கிறேன்.

ஐந்து வாளி ஐஸ்கிறீமுக்கு மூன்று விலைமனு கேட்கும் நமது நடைமுறை, அதை ஏற்றி வந்த வாகனத்துக்குள் எவ்வளவு குளிர் இருந்தது என்று ஒரு வரிகூடக் கேட்பதில்லை. குறைந்த விலை சொன்னவருக்குக் கொடு என்கிறது. குறைந்த விலை எப்படி வந்தது என்பது கோப்பில் இல்லை. நீங்கள் கோப்பையும் நிரப்புங்கள், வாளியையும் திறந்து பாருங்கள்.

நுவரெலியா, தலவாக்கலைக் குளிரில் உருகாது என்று நம்பிவிடாதீர்கள். நமக்குப் போர்வை தேவைப்படும் 16 பாகையும் ஐஸ்கிறீமுக்கு அடுப்படிதான். பாடசாலையின் சிறிய பெட்டியில் ஐந்து வாளிகளைத் திணிப்பதும் வேண்டாம். நகரத்தில் பிரீசரை அணைக்காத ஒரு கடையில் சொல்லி வைத்து, அன்று காலை நேராக எடுங்கள். ரெஜிபோம் பெட்டியில் மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்புக் கலந்து, வாளிகளைச் சுற்றி அடைத்து, மூடியை டேப்பால் ஒட்டினால் இரண்டு மணி நேரம் தாங்கும். ஒக்டோபரில் பிற்பகல் மழையும் இடியும் வழக்கம் என்பதால், இடைவேளைக்கு முன்பே பரிமாறி முடித்துவிடுங்கள்.

மேலே போடுவதற்கு மூன்று வகைக்கு மேல் வேண்டாம். ஏழு கிண்ணங்களுக்கு முன்னால் தரம் 2 பிள்ளை ஒன்று யோசித்து முடிப்பதற்குள் பின்னால் நிற்பவரின் ஐஸ்கிறீம் பாலாகிவிடும். கித்துள் பாணி ஆளுக்கு இரண்டு தேக்கரண்டி, 10 மில்லிலீற்றர் வீதம் 1.8 லீற்றர் போகும். 750 மில்லிலீற்றர் போத்தல் மூன்று எடுங்கள். சீனிப்பாகு கலந்த பாணி ஏராளம், ஆகவே வழக்கமாக வாங்கும் ஆளிடமே வாங்குங்கள். மாரி பிஸ்கட் ஆளுக்கு ஒன்று வீதம் நொறுக்கினால் ஒரு கிலோ. வாழைப்பழம் நாலு பேருக்கு ஒன்று, 45 பழம். கடைசி நேரத்தில் நறுக்கித் தேசிக்காய்ப் புளி தெளியுங்கள். நுவரெலியா ஸ்ரோபெரி கிடைத்தால் ஆளுக்குப் பாதி. கஜு, கச்சான் வைப்பதானால் ஒவ்வாமை உள்ள பிள்ளை யார் என்று முதலில் கேட்டு, தனிக் கிண்ணத்தில் தனிக் கரண்டியுடன் வையுங்கள்.

ஜெலியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒக்டோபர் 1 எப்போதும் புரட்டாசியில்தான் விழும். மாதம் முழுவதும் மச்சம் சமைக்காத வீடுகள் தோட்டங்களில் பல உண்டு, முஸ்லிம் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். பாக்கெட் ஜெலியும் மார்ஷ்மெலோவும் பெரும்பாலும் ஜெலற்றினால் ஆனவை. அது மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. பாக்கெட்டில் பழத்தின் படம் இருப்பதால் அது சைவமாகிவிடாது. 'இது வெறும் கலர் தண்ணீர்தான்' என்று விற்பவர் சொல்வதை நம்பிப் பரிமாறினால், மறுநாள் பெற்றோருக்குப் பதில் சொல்லப் போவது நீங்கள், அவர் அல்ல. ஜெலி இல்லாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றால் கடற்பாசியில் (அகர் அகர்) காய்ச்சுங்கள். அது குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே உறையும், மேசையில் இருந்தாலும் உருகாது. வாளியின் லேபலிலும் முட்டை, ஜெலற்றின் என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். லேபலே இல்லாத வாளி என்றால், அதை இறக்கவே விடாதீர்கள்.