வியாழக்கிழமை என்றால் ஞொக்கி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மகள் ரோமில் படிக்கிறாள். அக்டோபரில் நானும் கணவரும் பத்து நாள் போய்த் தங்குகிறோம். ரெஸ்டாரண்ட் விலைகளைப் பார்த்தால் ஒரு வேளைக்கு ஆளுக்கு மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ஆகும்போல் இருக்கிறது. மதியம் ஒரு நல்ல இத்தாலியக் கடையில் உட்கார்ந்து சிக்கனமாகச் சாப்பிட வழி உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு, நன்றாகவே உண்டு. ஒன்பது வருடம் ரோமில் வேலை பார்த்தேன். வேலை நாள் மதியங்களில் பாதிக்கு மேல் கடையில்தான் சாப்பாடு. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தவை ராத்திரி விலைகளாக இருக்கும். இல்லையென்றால் சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் த்ரேவி நீரூற்றைச் சுற்றியுள்ள கடைகளின் விலை. அந்த ஊரில் பாங்க் குமாஸ்தாவும் கட்டடத் தொழிலாளியும்கூட மதியம் வெளியே சாப்பிடுகிறவர்கள்தான். தினமும் 40 யூரோ கொடுத்து அவர்களால் கட்டுப்படியாகுமா? அவர்களுக்கென்று திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் போடும் சாப்பாட்டுக்கு 'ப்ரான்ட்சோ தி லவோரோ' என்று பெயர். வேலை நாள் மதியச் சாப்பாடு என்று அர்த்தம். மொத்தமாக ஒரே விலை. பாஸ்தா அல்லது சூப் ஒன்று 'ப்ரீமோ', கறியோ மீனோ ஒன்று 'செகோந்தோ', பக்கத்தில் ஒரு காய், ரொட்டி, தண்ணீர். பல கடைகளில் கால் லிட்டர் வைனும் கடைசியில் காபியும் அதிலேயே அடக்கம். ப்ரீமோவும் காயும் மட்டும் போதும் என்றால் இன்னும் குறையும். நான் ரோமில் இருந்தபோது வழக்கமாகப் போன கடையில் 10 யூரோ. போன வருடம் அதே கடையில் 13. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடை தெஸ்தாச்சோ பகுதியில், ஒரு தெருமுனையில் இருக்கிறது. 1975 வரை ரோமின் ஆட்டு மாட்டு இறைச்சிக்கூடம் இயங்கிய பேட்டை அது. உழைப்பாளிகள் ஊர் என்பதால் சாப்பாடு வயிறு நிறையக் கிடைக்கும். மெட்ரோ 'பி' லைனில் பிராமிதே ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். கடையில் பதினைந்து மேஜைக்கு மேல் இல்லை. மேஜைமேல் துணி கிடையாது, பழுப்புக் காகிதம்தான் விரித்திருப்பார்கள். வயதான அம்மா உள்ளே சமைப்பார், மருமகள் பரிமாறுவார். சாப்பிட்டு முடித்ததும் மருமகள் காதிலிருந்து பேனாவை எடுத்து, நம் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்திலேயே கூட்டிக் காட்டுவார். நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கே மெனு கார்டை எதிர்பார்க்காதீர்கள். அன்றைக்கு என்ன என்று ஒரு தாளில் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ரோமில் கிழமைக்கு ஒரு சமையல் என்ற பழக்கம் உண்டு. வியாழக்கிழமை என்றால் ஞொக்கி, அதாவது உருளைக்கிழங்கையும் மாவையும் பிசைந்து உருட்டி, வேகவைத்து, தக்காளிச் சாறில் போட்டது. வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர்களுக்கு இறைச்சி விலக்கு என்பது பழைய வழக்கம். அதனால் முதல் நாளே வயிற்றை நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு என்று சொல்வார்கள். வெள்ளியன்று மீனோ, கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவோ இருக்கும்.

அந்தக் கொண்டைக்கடலை பாஸ்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 'பாஸ்தா எ சேச்சி' என்பார்கள். கடலையில் பாதியை மசித்து, பாதியை முழுதாக விட்டிருப்பார் அந்த அம்மா. பூண்டும் ரோஸ்மேரியும் எண்ணெயில் வதங்கிய வாசனை தட்டு வருவதற்கு முன்பே வந்துவிடும். குழம்புக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு பதம். மேலே ஆலிவ் எண்ணெயைப் பச்சையாக ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றுவார். அது கடலைமேல் கண்ணாடிபோல நிற்கும். கடைசியில் தட்டில் ஒட்டியிருப்பதை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிட வேண்டும். அதற்கு 'ஸ்கார்பெத்தா' என்று தனிப் பெயரே இருக்கிறது. பெரிய இடத்து விருந்தில் செய்யத் தயங்குவார்கள், இந்தக் கடையில் எல்லாரும் வழிப்பார்கள். எனக்கு ரோமில் மிகப் பிடித்த சாப்பாடு இதுதான். மூன்று மடங்கு விலை கொடுத்துச் சாப்பிட்ட எதுவும் இதற்குக் கிட்டே வரவில்லை.

சரி, இப்படிப்பட்ட கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடிக் கதவில் 'பூவோனி பாஸ்தோ' என்று ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் சாப்பாட்டுக் கூப்பன் அது. அதை வாங்குகிற கடைக்கு அக்கம்பக்கத்து ஆபீஸ்காரர்கள் தினமும் வருகிறார்கள் என்று பொருள். தினம் வருகிறவனுக்கு மோசமாகச் சமைத்துப் பிழைக்க முடியாது. வாட்டிகன் பார்க்கப் போகும் நாளில் பக்கத்திலிருக்கும் ப்ராத்தி பகுதியில் தேடுங்கள், அங்கே வக்கீல்களும் ஆபீஸ்களும் அதிகம். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடை, சாப்பாட்டின் போட்டோ போட்டு ஆறு மொழியில் எழுதிய கடை, இரண்டும் வேண்டாம். பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். ஒன்றேகாலுக்கு இடம் இருக்காது, இரண்டரை தாண்டினால் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

பில்லைப் பற்றி ஒன்று. இத்தாலியின் பல ஊர்களில் ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ 'கொப்பேர்த்தோ' என்று உட்காருவதற்கே சேர்ப்பார்கள். ரோம் இருக்கும் லாட்சியோ பகுதியில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கூடாது. அதற்குப் பதில் 'பானே' என்று ரொட்டிக்குப் போடுவார்கள். ரொட்டி வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் கடலை பாஸ்தா நாளில் மட்டும் அப்படிச் சொல்லாதீர்கள்!

கேள்வி: மாமனார் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். இத்தாலியில் மதியம் என்ன சாப்பிடுவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நானும் சைவம்தான். போன புதிதில், பச்சைக் கீரைத்தண்டு சாலட் என்று நினைத்து 'புந்தரெல்லே' வாங்கினேன். இரண்டு வாய் தின்ற பிறகுதான் அதில் நெத்திலி அரைத்துக் கலந்திருப்பது தெரிந்தது. அன்று அழுகையே வந்துவிட்டது. அவர்கள் ஏமாற்றவில்லை, அந்தச் சாலட்டுக்கு முறையே அதுதான். நான்தான் கேட்கவில்லை. அதனால் பார்த்தால் காயாகத்தானே தெரிகிறது என்று எதையும் எடுக்காதீர்கள். சூப் என்றால் இறைச்சி வேகவைத்த தண்ணீரிலா என்று கேளுங்கள், பருப்பு என்றால் பன்றிக் கொழுப்பில் வதக்கியதா என்று கேளுங்கள். கடலை பாஸ்தாவிலும் சில சமையலறைகளில் நெத்திலி சேர்ப்பதுண்டு.

முட்டை விஷயத்தில், கடையிலேயே பிசைந்து செய்யும் ஃபெத்தூச்சீனே போன்ற பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். பாக்கெட்டில் வரும் ஸ்பகெட்டி, பென்னே இரண்டும் வழக்கமாகக் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். ஞொக்கியிலும் சிலர் முட்டை சேர்ப்பார்கள்.

சீஸ்தான் பலருக்குத் தெரியாதது. பர்மிஜானோ சீஸில் பாலைத் திரிய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள், பெகோரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியுடையது. உங்கள் மாமனாருக்கு இதைச் சொல்லிவிட வேண்டும், முடிவு அவருடையது. வேண்டாம் என்றால் 'சென்சா ஃபொர்மாஜோ' என்று சொல்லுங்கள், சீஸ் இல்லாமல் என்று அர்த்தம். அவருக்கு 'ஆல்லியோ, ஓலியோ எ பெப்பெரொன்சீனோ' கேட்டு வாங்கிக் கொடுங்கள். பூண்டு, எண்ணெய், மிளகாய், ஸ்பகெட்டி, வேறொன்றும் இல்லை. ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டுவிடுவார்.

கேள்வி: இரண்டு பேர் போய் ஒரு சாப்பாடு வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அது ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் பண்ணிய விலை. நெரிசல் நேரத்தில் இரண்டு நாற்காலியை அடைத்துக்கொண்டு ஒரு சாப்பாடு கேட்டால் அவர்களுக்கு நஷ்டம். அவ்வளவு பசி இல்லையென்றால் 'பீட்சா அல் தால்யோ' கடைக்குப் போங்கள். நீள்சதுரத் தட்டிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். இவ்வளவு போதும் என்று கையால் அளவு காட்டினால் சரி.

கேள்வி: பெண் ஒருத்தி தனியாகப் போய் உட்காரலாமா? சங்கடமாக இருக்காதா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தாராளமாக. மதியம் பாதிப் பேர் தனியாகத்தான் வருவார்கள். இடமில்லை என்றால் முன்பின் தெரியாதவர் மேஜையில் உட்காரவைப்பார்கள். என் எதிரில் ஒருநாள் சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு ஒரு கொத்தனார். 'புவோன் அப்பெத்தீத்தோ' என்றார், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். நானும் சொன்னேன். அதன் பிறகு இருவரும் பேசவே இல்லை. எழுந்து போகும்போது, தான் தொடாத ரொட்டித் துண்டை என் தட்டுப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். என் தட்டில் இன்னும் சாறு மிச்சம் இருந்தது.