இந்தியாவில் யாரும் பேசாத, ஆனால் உங்களை அசரவைத்த ஒலிம்பிக் வீரர் அல்லது வீராங்கனை யார்?

கத்ரீனா லேஹிஸ். எஸ்டோனியாக்காரர், வாள்வீச்சு வீராங்கனை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்ததே இரண்டு பதக்கம்தான். ஜூலை 24-இல் எப்பே (வாள்வீச்சின் மூன்று பிரிவுகளில் ஒன்று) தனிநபர் வெண்கலம் இவருடையது. ஜூலை 27-இல் தங்கம் வென்ற மகளிர் எப்பே அணியிலும் இவர் இருந்தார்.

ஊர் ஹாப்சாலு, சின்னக் கடலோர ஊர். சோவியத் காலத்தில் எண்டெல் நெலிஸ் என்ற ஆசிரியர் அங்கே பிள்ளைகளுக்கு வாள் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அதில் வேர் பிடித்ததுதான் எல்லாம். இரண்டு முறை உலக சாம்பியனான நிகோலாய் நோவோசியோலவ் பிறந்ததும் இதே ஊரில்தான். லேஹிஸ் 2018-இலேயே ஐரோப்பிய சாம்பியன்.

ஆனால் நான் அவரைச் சொல்வது அந்த அணி இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்காக. எதிரே தென் கொரியா. அணிக்கு மூன்று பேர், மொத்தம் ஒன்பது ஆட்டம், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். எட்டு ஆட்டம் முடிந்தபோது 26-26. ஒன்பதாவதுக்கு லேஹிஸும் சோய் இன்-ஜியோங்கும் மேடை ஏறினார்கள்.

எப்பேயில் தலையிலிருந்து கால்வரை எங்கே குத்தினாலும் புள்ளி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குத்தினால் இருவருக்குமே புள்ளி. அதனால் யார் ஒரு புள்ளி முன்னே போகிறாரோ அவருக்குக் கொண்டாட்டம்: இரட்டைக் குத்து விழுந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை, கடிகாரமும் அவர் பக்கம். பின்தங்கியவர் பாய்ந்தே ஆக வேண்டும், பாய்ந்தால் கையை நீட்டி வாங்கிக் கட்டிக்கொள்வார். லேஹிஸ் அந்த ஆட்டத்தை 10-6 என்று முடித்தார். 36-32, தங்கம். சமநிலையில் கைக்கு வந்த ஆட்டத்தை அப்படி முடித்துக் கொடுக்க எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்?

(நம்ம பவானி தேவி அதற்கு முந்தைய நாள்தான் சேபர் பிரிவில் ஆடி, ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை ஆனார். அதனால் நம்மவர்கள் பலர் அந்த வாரம் வாள்வீச்சு பார்த்தார்கள். இந்த இறுதிப் போட்டியை மட்டும் பார்த்தவர் குறைவு.)

"அதே அணியின் யூலியா பெல்யாயேவா 2013 புடாபெஸ்டில் தனிநபர் உலக சாம்பியனாயிற்றே, அவரைச் சொல்லாமல் இவரா?" என்று கேட்பீர்கள். பட்டங்களை எண்ணினால் நியாயமான கேள்விதான். ஆனால் 26-26 என்று நிற்கும்போது கடைசியாக யாரை இறக்குவது என்று என்னைக் கேட்டால், நான் லேஹிஸ் பெயரைத்தான் சொல்வேன்.