வேனில் ஃபிரிட்ஜ்: கேஸா, பேட்டரியா?

கிருஷ்ணகிரியில் வேன்களுக்கு உள்வேலையும் வயரிங்கும் செய்துவரும் நான், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஓசூர் வாசகர்: டெம்போ டிராவலரில் படுக்கை அமைக்கிறேன், ஐயா. எந்த ஃபிரிட்ஜ் வைப்பது?

பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜையே வையுங்கள். கேஸ் ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. அடியில் எரியும் சிறு சுடர் அம்மோனியா கலந்த நீரைக் கொதிக்கவைக்க, பிரிந்து மேலேறும் அம்மோனியா குளிர்ந்து திரவமாகி, பிறகு ஹைட்ரஜன் நிரம்பிய குழாயில் ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. 1922இல் சுவீடனைச் சேர்ந்த பிளாட்டன், மண்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்ட முறை இது. சத்தமே வராது, அந்த அழகை மறுக்கமாட்டேன். ஆனால், சாதாரண கேஸ் ஃபிரிட்ஜ் வெளி வெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் இறக்கும். சித்திரை வெயிலில் நிற்கும் வேனுக்குள் 40 டிகிரி என்றால், பெட்டிக்குள் 20 இருக்கும், பால் தங்காது.

தர்மபுரி வாசகர்: பேட்டரி எவ்வளவு வேண்டும்?

ஓடும்போது 45 வாட் இழுக்கும் கம்ப்ரசர், கோடையில் பாதி நேரம் ஓடுவதாகக் கொண்டால், நாளுக்கு 540 வாட்மணி செலவாகும். 100 ஆம்பியர்மணி லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்மணி இருப்பதால் இரண்டு நாள் தாங்கும். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும்.

தேன்கனிக்கோட்டை வாசகர்: என் தாத்தா வேலை பார்த்த பங்களாவில் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ் பல வருடம் ஓடியதே? அதுவும் இதே முறைதானே?

அதே முறைதான். ஆனால் அது சமதளத் தரையில் நின்றது.

அவரே மீண்டும்: வேனையும் சமமாக நிறுத்திவிட்டால் போயிற்று. இதில் என்ன கஷ்டம்?

தொப்பூர் கணவாய்ப் பக்கம் இரவு தங்க இடம் தேடிப் பாருங்கள், தெரியும். ஓட்டத்தில் வண்டி ஆடுவதால் கேடில்லை. சாய்வாக நிறுத்திவிட்டு சுடரை எரியவிடும்போதுதான் திரவம் ஓரிடத்தில் தேங்கி, கொதிகலன் வறண்டு, அளவுமீறிச் சூடாகிக் கெடுகிறது. என் பட்டறைக்கு வந்த ஒரு ஃபிரிட்ஜின் பின்குழாய் மடிப்பில் மஞ்சள் பொடி படிந்திருந்தது. குழாய் துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் குரோமேட் கசிந்து காய்ந்தது அது. பக்கத்தில் குனிந்ததும் அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. அந்தப் பொடியை வெறுங்கையால் தொடாதீர்கள், அது நஞ்சு. தாத்தாவின் ஃபிரிட்ஜை நான் குறைசொல்லவில்லை. வேன் பங்களா இல்லை என்கிறேன்.

காவேரிப்பட்டணம் வாசகர்: வீட்டு சிலிண்டரையே இணைக்கலாமா?

கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தேங்கும்.

பாலக்கோடு வாசகர்: 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைப் படுக்கைக்கு அடியில் கட்டினால்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். படுக்கைக்கு அடியில் தேங்கும் கேஸின் மேல் நீங்கள் தூங்குவீர்கள்.

ஊத்தங்கரை வாசகர்: ஜன்னலைத் திறந்து வைத்தாலுமா?

ஜன்னல் மேலே இருக்கிறது, கேஸ் கீழே இருக்கும். சிலிண்டர் பற்றி இனி எழுதவேண்டாம்.

பென்னாகரம் வாசகர்: ஒகேனக்கலில் வாங்கும் மீன் வீடு வரை தாங்குமா?

முந்தைய இரவே வீட்டு மின்சாரத்தில் காலிப் பெட்டியைக் குளிரவைத்துக் கிளம்பினால் தாராளமாகத் தாங்கும். மீனைக் கழுவி, நீர் வடித்து, மூடிய டப்பாவில் அடியில் வையுங்கள்.