கருவுற்ற காலத்தில் பிளாஸ்டிக் டப்பாவும் சர்க்கரை அளவும்

கேள்வி: எனக்கு இது ஐந்தாவது மாதம். இத்தனை நாளும் சாப்பாட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துச் சென்று, வேலை செய்யும் இடத்தில் அந்த டப்பாவோடே மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிச் சாப்பிட்டு வந்தேன். பிளாஸ்டிக் ரசாயனங்களால் கர்ப்பகால நீரிழிவு வரலாம் என்று படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. என் குழந்தைக்கு நானே கெடுதல் செய்துவிட்டேனா?

பதில்: அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு தாயைப் பரிசோதித்து, ‘உங்கள் சாப்பாட்டு டப்பாவால்தான் இது நேர்ந்தது’ என்று சொல்லக்கூடிய மருத்துவச் சோதனை எதுவும் இல்லை. மேலும், மைக்ரோவேவில் வைக்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். அதிகம் பேசப்படும் பிஸ்பினால் ஏ என்ற ரசாயனத்தைக் கொண்டு அந்தப் பிளாஸ்டிக் செய்யப்படுவதில்லை. பிஸ்பினால் ஏ, கண்ணாடிபோல் தெளிவான, கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும், உணவு டின்களின் உட்பூச்சிலும், ரசீது அச்சடிக்கும் வழவழப்பான தாளிலும் காணப்படுவது. தாலேட்டுகள் வேறு வகை. பிவிசி பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கப்படும் இவை, அதனோடு வேதிப் பிணைப்பு இல்லாமல் இடையிடையே தங்கியிருப்பதால், சூடும் எண்ணெய்ப் பசையும் பட்டால் எளிதில் உணவில் கசிகின்றன.

இவற்றுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தடையின்றிக் கிடைக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. ஈடுகட்ட, இன்சுலினைச் சுரக்கும் கணையம் கூடுதலாக உழைக்க வேண்டும். அதனால் இயலாதபோது கர்ப்பகால நீரிழிவு வருகிறது. பிஸ்பினால் ஏ, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போலச் செயல்படக்கூடியது என்பது 1930களிலேயே தெரிந்த செய்தி. சினையுற்ற எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது, தாய் எலிகளின் உடல் குளுக்கோஸைச் சரிவரக் கையாள முடியாமல் போனதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதரிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகளோ ஒன்றுபோல் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு: பொட்டலத்திலும் டின்னிலும் அடைத்த உணவை அதிகம் உண்பவருக்கு இந்த ரசாயனங்களோடு தீட்டிய மாவும் சர்க்கரையும் சேர்ந்தே உள்ளே போகின்றன, எதன் விளைவு எது என்று பிரித்தறிவது கடினம்.

ஆனால் உங்களைப் பொறுத்தவரை அதுவே நல்ல செய்தி, ஏனென்றால் ஒரே மாற்றம் இரண்டுக்கும் உதவும். 2011ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேர் 3 நாட்கள் பொட்டலமிடாத புதிய உணவை மட்டும் உண்டபோது, அவர்கள் சிறுநீரில் பிஸ்பினால் ஏ சராசரியாக 66 விழுக்காடு குறைந்தது. ஒரு முக்கியத் தாலேட்டின் எச்சங்களும் பாதிக்கு மேல் குறைந்தன. சிறிய ஆய்வுதான் என்றாலும், இவை உடலில் நெடுநாள் தங்குவதில்லை என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

ஆகவே வீட்டிலுள்ள பிளாஸ்டிக்கையெல்லாம் வெளியே எறிய வேண்டியதில்லை. சூடும் கொழுப்பும் சேரும் இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: சூடாக்குவதற்குக் கண்ணாடி அல்லது பீங்கான், கொதிக்கும் உணவை ஊற்றி வைக்க எவர்சில்வர். ‘மைக்ரோவேவுக்கு ஏற்றது’ என்ற குறிப்பு, பாத்திரம் உருகாது, நெளியாது என்பதற்கான உறுதிதான். எதுவுமே கசியாது என்று அதற்குப் பொருளில்லை. ‘பிஸ்பினால் ஏ இல்லாதது’ என்ற முத்திரையையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். சிலவற்றில் அதன் நெருங்கிய உறவான பிஸ்பினால் எஸ் சேர்க்கப்படுகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, என் உண்மையான கவலையைச் சொல்கிறேன். டப்பாவைப் பற்றிய அச்சத்தில் சர்க்கரைப் பரிசோதனை தள்ளிப்போய்விடக் கூடாது. அதை 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் நெருங்குகிறது. பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், 75 கிராம் குளுக்கோஸ் குடிப்பதற்கு முன் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம் (ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் உள்ள சர்க்கரை) என்ற எல்லைகளில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வார்கள். உங்கள் மருத்துவர் வேறு முறையைப் பின்பற்றினால் அவர் சொல்வதையே கேளுங்கள். உணவில் முழுத்தானியம், பயறு, காய்கறி, போதிய புரதம் இருக்கட்டும். பழச்சாற்றுக்குப் பதில் பழமாகவே உண்ணுங்கள். மருத்துவர் தடை சொல்லாவிட்டால் சாப்பிட்டபின் சற்று நடங்கள். பயத்தில் உணவைக் குறைத்துப் பட்டினி கிடப்பது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: உடலில் பிளாஸ்டிக் ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று சிறுநீரைப் பரிசோதித்துப் பார்க்கலாமா? அதை வெளியேற்ற மாத்திரை உண்டா?

பதில்: வேண்டாம். பிஸ்பினால் ஏ சில மணி நேரத்திலேயே சிறுநீரில் பெருமளவு வெளியேறிவிடுவதால், காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் வெகுவாக வேறுபடும். ஒரு முறை பார்த்த எண்ணைக் கொண்டு மருத்துவர் எந்த முடிவுக்கும் வர முடியாது. உடலே வெளியேற்றுவதை வெளியேற்ற மாத்திரை எதற்கு? ‘நச்சு நீக்கி’ என்று விற்கப்படும் மூலிகைப் பொடிகளும் கஷாயங்களும் கருவுற்ற காலத்தில் பாதுகாப்பானவை என்று நிறுவப்படாதவை. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஃபோலிக் அமிலத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் நாள் தவறாமல் சாப்பிட்டு வாருங்கள்.