டிக், டிக்

அன்புள்ள ஐயா,
மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் எந்நேரமும் கதிர்வீச்சு நம்மேல் பட்டுக்கொண்டே இருக்கிறது என்று படித்ததிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. நம் செல்களை அது என்ன செய்யும்? இயற்கையாக வருவதுதானே, கெடுதல் இருக்காது என்கிறார் நண்பர். அதோடு, கதிர்வீச்சைத் தடுக்கும் பதக்கம் ஒன்றும் வாங்கித் தந்திருக்கிறார். அணியலாமா?
ம.

அன்புள்ள ம.,

பதக்கத்தை முதலில் கழற்றுங்கள். 2021-இல் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், இப்படிக் காப்பதாகச் சொல்லி விற்ற பத்துப் பொருட்களிலிருந்தே கதிர்வீச்சு வருவதாக எச்சரித்தது. சரி, அது போகட்டும்.

மாணவனாக இருந்தபோது ஆய்வகத்தில் கதிரியக்கப் பொருளை ஈயப்பெட்டியில் பூட்டிய பிறகும், கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவி விட்டுவிட்டு டிக், டிக் என்றது. ‘கருவி பழுது’ என்று நோட்டில் எழுதினேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு, “இது நின்றால்தான் பழுது” என்றார். அன்றிரவு எனக்கும் தூக்கமில்லை. அதனால் உங்கள் பயத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

ஆனால் எங்கே ஓடுவீர்கள்? 70 கிலோ எடையுள்ள உடம்புக்குள் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொட்டாசியம் மட்டுமே நொடிக்கு 4,000 முறைக்கு மேல் சிதைகிறது. பொட்டாசியம் இல்லாமல் இதயம் துடிக்காது. இன்னொரு கணக்கும் உண்டு. மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவை விட்டுவிட்டால், எங்கும் இருக்கும் இந்தப் பின்னணிக் கதிர்வீச்சின் தடம் ஒரு செல்லின் உட்கருவைக் கடப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருமுறை. அதே செல்லின் டி.என்.ஏ.வில், நாம் சுவாசித்து உயிர் வாழ்வதாலேயே நாளொன்றுக்குப் பல்லாயிரம் காயங்கள். டி.என்.ஏ. இரட்டை இழை; ஓர் இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் செல் தைத்துக்கொள்கிறது. இந்தத் தையல் வேலையைக் கண்டு சொன்னவர்களுக்குத்தான் 2015-இல் வேதியியல் நோபல்.

உங்கள் நண்பர்மேல்தான் எனக்குக் கோபம். ‘இயற்கை’ என்ற சொல்லை நற்சான்றிதழ்போல நீட்டுகிறாரே! யுரேனியம் இயற்கை. அது சிதையும் வழியில் பிறக்கும் ரேடானும் இயற்கை. இயற்கைக் கதிர்வீச்சால் ஒருவருக்குக் கிடைக்கும் அளவு உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சுக்கான அலகு); அதில் ஏறக்குறைய பாதி அந்த வாயுவின் கணக்கு. நுரையீரலுக்குள் அது விடும் ஆல்பா துகள், போகிற வழியில் நெருக்கமாக அடித்து இரண்டு இழைகளையும் சேர்த்து அறுக்கும். பார்த்துத் தைக்க எதிர் இழை இல்லை. செல் அவசரத்தில் முனைகளை ஒட்டவைக்கும், மரபுக் குறிப்பில் சில எழுத்துகள் தொலையும். புற்றுநோய்க்கான முதல் அடி அப்படியும் விழலாம். கதிர் பிறந்த இடத்தையா செல் விசாரிக்கிறது? எவ்வளவு, எவ்வளவு நேரத்தில், எந்த வகை, இவைதான் அதற்குக் கணக்கு.

மிகக் குறைந்த அளவிலும் தீங்கு அதே விகிதத்தில் இருக்குமா என்பது அறிஞர்களுக்குள் ஓயாத சண்டை. அதை அவர்களிடமே விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

அப்புறம், நண்பர் புகைப்பாரா என்று கேளுங்கள். புகையும் ரேடானும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. சிகரெட்டை விடச் சொல்லுங்கள், அறை ஜன்னலையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.